சும்மா வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே: ஓர் ஆங்கிலப் பழமொழியை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது

'டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அன்பளிப்பாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பது நேர்ப்பொருள். சும்மா கிடைத்ததில் குறை தேடாதே என்பது அதன் கருத்து. நமக்கு இது புதிதல்ல. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதனால் என் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. மறுநாளே பேச்சில் எடுத்தும் விடுகிறார்கள். ஆனால் பாதிப் பேர் எடுத்துவிடும் இடம் பொருந்துவதில்லை. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈரோடு மாவட்டத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், வேலையில் சேர்ந்த பிறகு வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேச வேண்டியிருப்பவர்களும்தான் அதிகம். என் அப்பாரு, அதாவது தாத்தா, மாட்டுத் தரகர். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போவார். அங்கே மாடும் வரும், குதிரையும் வரும். பல் பார்ப்பதை அங்கே பார்த்துத்தான் வளர்ந்தேன். இந்தப் பழமொழியைச் சரியாகக் கையாள, பல் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல்லில் என்ன தெரியும்?

வயது தெரியும். குதிரைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் வாய்தான் சான்றிதழ். குட்டிக்கு முதலில் பால் பற்கள் இருக்கும். ஏறக்குறைய இரண்டரை வயதில் நடு முன்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் வரும். மூன்றரை வயதில் அதற்குப் பக்கத்துப் பற்கள், நாலரை வயதில் ஓரத்துப் பற்கள் வரும். ஐந்து வயதில் மேலே ஆறு, கீழே ஆறு என்று முன்பற்கள் முழுதாக நிறைந்துவிடும்.

அதன் பிறகும் வயதைச் சொல்லலாம். நிலைப்பல்லின் கடிக்கும் பரப்பில் சின்னக் குழி இருக்கும். மேய மேய அது தேய்ந்துகொண்டே வரும். கீழ்வரிசையில் நடுப்பல்லின் குழி ஆறு வயது வாக்கில் மறையும், அடுத்தது ஏழில், ஓரத்துப் பல் எட்டில். பத்து வயதில் மேல்வரிசை ஓரப்பல்லின் வெளிப்பக்கத்தில், ஈறை ஒட்டி ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். பதினைந்தில் அது பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் நுனியைத் தொட்டுவிடும். வயதான குதிரைக்குப் பற்கள் முன்பக்கம் சாய்ந்து நீளமாகத் தெரியும். வயதானவரை 'லாங் இன் த டூத்' என்று ஆங்கிலேயர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

திறந்து பார்ப்பதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாள இரும்பு உட்காருகிற இடம் அதுதான். வாயோரமாகக் கட்டைவிரலை அந்த இடைவெளிக்குள் விட்டால் குதிரை தானாகவே வாயைத் திறக்கும். இன்னொரு கையால் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தியூர்ச் சந்தையில் குதிரைக்குச் சுழியும் பார்ப்பார்கள், நடை விட்டும் பார்ப்பார்கள், பேரம் படிவதற்கு முன்னால் எப்படியும் ஒருவர் வாய்க்குள் விரலை விட்டிருப்பார்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. கீழே எட்டு. 'ரெண்டு பல்லு', 'நாலு பல்லு', 'ஆறு பல்லு', கடைசியில் 'கடை சேர்ந்த மாடு' என்று தரகர்கள் சொல்வது, எத்தனை பால் பல் விழுந்து நிலைப்பல் முளைத்திருக்கிறது என்ற கணக்கை.

சந்தையில் இப்படிப் பார்ப்பதை விற்கிறவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேட்பதற்கு முன்பே அவரே உதட்டைத் தூக்கிக் காட்டுவார். ஏமாற்று வேலையும் உண்டு. கிழக் குதிரையின் தேய்ந்த பல்லில் புதிதாகக் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கறுப்பாக்கி, இளங்குதிரை என்று தள்ளிவிடும் வித்தை பழைய இங்கிலாந்தில் இருந்தது. அதற்கு 'பிஷப்பிங்' என்று பெயரே வைத்திருந்தார்கள். ஆகவே காசு கொடுத்து வாங்குகிறவர் பல் பார்க்காமல் இருந்தால்தான் தப்பு.

அப்பாரு பார்த்த பல்

ஒரு வருஷம் எங்கள் வீட்டுக் கறவை மாடு செத்துப் போனது. கேள்விப்பட்டு, அப்பாருவின் பழைய சிநேகிதர் ஒருவர் ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். காசு பேச்சையே எடுக்கவில்லை. அப்பாரு கயிற்றை இரண்டு கையாலும் வாங்கினார், கிடாரியின் நெற்றியைத் தடவினார், வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தார். சந்தையில் எதிரே வருகிற மாட்டின் வாயையெல்லாம் கை தானாகப் போய்த் திறக்கிற மனிதர், இதன் வாய்ப்பக்கமே போகவில்லை. வந்தவர் காப்பி குடித்து, கதை பேசி, பொழுது சாயக் கிளம்பிப் போனார். அப்புறம் அப்பாரு கட்டுத்தரைக்குப் போய்க் கிடாரியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்பவே பாத்திருக்கலாமில்ல அப்பாரு?" என்றேன்.

"வெலைக்கா வாங்குனோம் கண்ணு, அவரு முன்னால பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு?" என்றார். "ரெண்டு பல்லுதான் போட்டிருக்குது. தீவனத்த அதுக்குத் தக்கன போடோணும்."

பின்னாளில் இந்த ஆங்கிலப் பழமொழியைப் படித்தபோது எனக்கு அகராதியே தேவைப்படவில்லை. பொருளின் தரத்தைக் கவனிக்கவே கூடாது என்று பழமொழி சொல்லவில்லை. கொடுக்கிறவர் முகத்துக்கு எதிரே வாங்குகிறவனைப் போல நடந்துகொள்ளாதே என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம். விலை கொடுத்திருந்தால் பல்லைப் பார்க்கலாம். விலை இல்லையென்றால், கொடுத்தவர் எதிரே பார்க்கக்கூடாது. பழமொழியைச் சொல்வதற்கு முன் இதில் விலை உண்டா, கொடுத்தவர் யார் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் வகுப்பில் சொல்வேன்.

இது எவ்வளவு பழைய வழக்கு என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பைபிளை லத்தீனில் தந்த ஜெரோம், நாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதை எழுதியிருக்கிறார். அதுவும் 'மக்கள் சொல்லும் பழமொழி' என்ற குறிப்போடு. ஆங்கிலத்தில் 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் இது 'கிவன் ஹார்ஸ்' என்று வருகிறது. 1663-இல் சாமுவேல் பட்லரின் அங்கதக் கவிதையில் 'கிஃப்ட் ஹார்ஸ்' ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வடிவம்தான். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்ய மொழிகளிலும் இதே குதிரை உண்டு. அந்த நாட்டுக்காரர்களோடு பேசும்போது தைரியமாகச் சொல்லலாம், உடனே புரியும். இந்தியில் தானமாக வந்த கன்றின் பல் என்று நம்மைப் போலவே சொல்கிறார்கள்.

சொல்லும் விதம்

முதலில் 'லுக்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளியில் 'லுக் அட்' என்று படித்த பழக்கத்தில் பலரும் 'டோன்ட் லுக் அட் எ கிஃப்ட் ஹார்ஸ்' என்கிறார்கள். இங்கே 'அட்' கிடையாது. ஒருவரைக் கண்ணோடு கண் பார்த்துப் பேசுவதை 'லுக் ஹிம் இன் தி ஐ' என்கிறோமே, அதே அமைப்புதான். யாரைப் பார்க்கிறோமோ அவர் முதலில், எந்த உறுப்பைப் பார்க்கிறோமோ அது 'இன் த' சேர்ந்து பின்னால். 'இன் இட்ஸ் மவுத்' என்று மாற்றுவதும் வேண்டாம், 'கிஃப்ட் ஹார்ஸஸ் மவுத்' என்று சுருக்குவதும் வேண்டாம். பழமொழியில் ஒரு சொல் பிசகினாலும் கேட்பவரின் காதில் அதுதான் தங்கும்.

உச்சரிக்கும்போது 'கிஃப்ட்' என்பதில் அழுத்தம் கொடுங்கள். 'ஹார்ஸ்' அதோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக வரட்டும். 'மவுத்' என்பதன் கடைசி ஒலிக்கு நாக்கு நுனியை மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே லேசாக நீட்டிக் காற்றை விட வேண்டும். நம் 'த்' போல அடைத்து நிறுத்திவிட்டால் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

அடுத்தது, அறிவுரையாகச் சொல்வதா, தன்னைப் பற்றிச் சொல்வதா என்பது. பாடப்புத்தகங்களில் இதை 'டோன்ட்' போட்டு ஆரம்பிக்கும் அறிவுரையாகத்தான் கொடுத்திருப்பார்கள். பேச்சு வழக்கில் தன்னைப் பற்றிச் சொல்வதுதான் நயமாக இருக்கும். உங்கள் அக்கா வீடு மாற்றிப் போகும்போது தன் குளிர்சாதனப் பெட்டியை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவில் நசுங்கல், நிறமும் உங்களுக்குப் பிடித்த நிறமில்லை. அலுவலகத்தில் சிநேகிதரிடம் அதைப் பற்றிப் பேசும்போது 'இட்ஸ் நாட் மை கலர், பட் ஐ வாஸ்ன்ட் கோயிங் டு லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்கிறீர்கள். 'நிறம் பிடிக்கவில்லைதான், அதற்காகக் கொடுத்ததில் போய்க் குறை சொல்வேனா' என்ற தொனி வருகிறது. அக்காவுக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை.

இதையே திருப்பி, ஒரு குறையைச் சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது போலவும் போடலாம். 'ஐ நோ ஐ ஷுட்ன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத், பட் இட் மேக்ஸ் எ லாட் ஆஃப் நாய்ஸ்.' சும்மா வந்ததைக் குறை சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சத்தம் தாங்க முடியவில்லை. ஆங்கிலேயர் பேச்சில் இந்த 'ஐ நோ ஐ ஷுட்ன்ட், பட்' வடிவத்தை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். உண்மையான குறையைச் சொல்லியும் ஆக வேண்டும், நன்றி கெட்டவனாகவும் தெரியக்கூடாது என்றால் இது நல்ல வழி.

பரிசு என்றால் யாராவது கையில் எடுத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. தற்செயலாக வந்த வாய்ப்புக்கும் பொருந்தும். எதிரணித் தடுப்பாட்டக்காரர் தவறுதலாகப் பந்தை உங்கள் ஆள் காலிலேயே போட்டுவிடுகிறார், அவர் கோல் அடித்துவிடுகிறார். பத்திரிகையில் அந்தக் கோலைப் பற்றிய வாக்கியத்தை 'நெவர் ஒன் டு லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்று, அதாவது 'சும்மா வந்ததை வேண்டாம் என்கிற ஆளில்லை' என்று, தொடங்குவார்கள். இது எழுத்து நடை. பேச்சில் 'நெவர் ஒன் டு' என்று ஆரம்பித்தால் கொஞ்சம் செயற்கையாக இருக்கும்.

நெருங்கியவர்களிடம் முழுதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. 'வெல், கிஃப்ட் ஹார்ஸ்…' என்று தோளைக் குலுக்கி நிறுத்தினாலே போதும், மீதியை அவர் முடித்துக்கொள்வார். வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் மட்டும் இது வேண்டாம். சாதாரணப் பேச்சுக்கான வழக்கு இது.

சொல்லாமல் விட வேண்டிய இடங்கள்

கொடுத்தவரிடமே சொல்லாதீர்கள். ஒருவர் உங்களுக்குக் கைக்கடிகாரம் தருகிறார், நீங்கள் சிரித்துக்கொண்டே 'ஐ வோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்றால், அவர் காதில் 'இதில் ஏதோ கோளாறு இருக்கும், நான் கண்டுகொள்ளவில்லை' என்று விழும். அவரிடம் சொல்ல வேண்டியது 'தேங்க் யூ, இட்ஸ் லவ்லி' மட்டும்தான். பழமொழியைப் பிறகு மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்களே கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் சொல்வது அதைவிட மோசம். பழைய மடிக்கணினியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவன் பேட்டரி நிற்கவில்லை என்று சொன்னதும் இந்தப் பழமொழியை எடுத்து வீசினால், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிற குணம்தான் தெரியும்.

வேலை விஷயத்தில் இதை வாயே திறக்காதீர்கள். என் மாணவர் ஒருவர் நேர்முகத் தேர்வில் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியில், நாங்கள் சொன்ன சம்பளத்தைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். பணிவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு 'நோ சார், ஐ டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்' என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. வகுப்பில் எல்லோருமாக உட்கார்ந்து அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தோம். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. சம்பளம் சுமாராகத்தான் இருக்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகிவிட்டது. அதோடு, தன் உழைப்புக்கு வருகிற கூலியை அவரே தானம் ஆக்கிவிட்டார். மாதம் முழுக்க வேலை செய்து வாங்கப்போகிற சம்பளத்தில் யார் தானம் கொடுத்தது? விலையாக உழைப்பைக் கொடுக்கிறோம். அங்கே பல் பார்க்கும் உரிமை நமக்கு முழுதாக உண்டு. விடுப்பு எத்தனை நாள், பிடித்தம் எவ்வளவு, இரவுப் பணி உண்டா என்று வாயைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இதையே உரிமை என்று வருகிற எல்லாவற்றுக்கும் சொல்வேன். ரேஷன் அரிசியில் புழு இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், 'சும்மா கிடைப்பதில் என்ன குறை' என்று யாராவது இந்தப் பழமொழியை நீட்டுவார்கள். அது மக்கள் வரிப்பணத்தில் வருவது, வாங்குகிறவருக்கு உரியது. தமிழக அரசு 2011-இல் விலையில்லாக் கறவை மாடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, கால்நடை மருத்துவரும் மாடு பெறுகிறவரும் கூட இருந்து பார்த்துத்தான் மாடுகளை வாங்கினார்கள். பெயரே விலையில்லா மாடு, இருந்தும் வாயைத் திறந்து பார்த்தே ஓட்டி வந்தார்கள். அதுதான் சரி. இந்தப் பழமொழியை வைத்து ஏழைகளின் வாயை அடைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. வகுப்பில் யாராவது அப்படி ஓர் உதாரணம் எழுதிக்கொண்டு வந்தால் திருத்தாமல் விடமாட்டேன்.

செல்போனுக்கு வருகிற 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' வகை இணைப்புகளுக்கும் இது ஆகாது. முன்பின் தெரியாதவர் கொடுப்பது, பதிலுக்கு உங்கள் வங்கி விவரம் கேட்பது. விலை ஒளிந்திருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் மற்றக் குதிரைகள்

பகைவரான கிரேக்க வீரர்கள் உள்ளே ஒளிந்து வந்த டிராய் நகரத்து மரக்குதிரையும் பரிசாக வந்ததுதானே, வாயைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்களே என்று வகுப்பில் தவறாமல் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் இந்தப் பழமொழி அந்தக் கதையிலிருந்து வரவில்லை. பகைவன் தரும் பரிசை நம்பாதே என்பதற்கு 'பிவேர் ஆஃப் கிரீக்ஸ் பேரிங் கிஃப்ட்ஸ்' என்று வேறொரு வழக்கு தனியாக இருக்கிறது. ஒன்றை மற்றதோடு கலக்க வேண்டாம்.

'ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ஸஸ் மவுத்' என்பதிலும் குதிரை வாய் வருகிறது, பொருள் வேறு. சம்பந்தப்பட்டவர் வாயாலேயே கேட்ட செய்தி என்று அர்த்தம். குதிரைப் பந்தயத்தில், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று துப்புச் சொல்கிறவர்கள் 'குதிரையே என்னிடம் சொன்னது' என்கிற பாவனையில் பேசியதிலிருந்து வந்தது. மேலாளரே விடுமுறை என்று உங்களிடம் சொல்லியிருந்தால் இதைப் போடுங்கள்.

வைத்துக்கொள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல், பராமரிப்பே சொத்தைத் தின்கிற பரிசென்றால் அது குதிரை இல்லை, 'வைட் எலிஃபன்ட்'. வெள்ளை யானை என்று தமிழிலும் இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன.

இன்னொன்று பாக்கி. நீங்கள் நியாயமான ஒரு கேள்வி கேட்கிறீர்கள், எதிரில் இருப்பவர் இந்தப் பழமொழியை உங்கள் மேல் போடுகிறார் என்றால் என்ன பதில் சொல்வது? அலுவலகத்தில் புதுக் கணினி கொடுத்திருக்கிறார்கள், உங்கள் மென்பொருள் அதில் ஓடவில்லை, சொன்னால் 'கிஃப்ட் ஹார்ஸ்' என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். சண்டை போட வேண்டாம், கூசிப் பின்வாங்கவும் வேண்டாம். 'ஐ அம் கிரேட்ஃபுல் ஃபார் இட், ஐ ஜஸ்ட் நீட் இட் டு வொர்க்' என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். நன்றி இருக்கிறது, ஆனால் வேலை நடக்க வேண்டுமே என்று பொருள். சொல்லிவிட்டு, கணினிப் பிரிவுக்கு அன்றைக்கே எழுதிப் போடுங்கள்.